ஓர் ஆமை, மூன்று வாரம்: சின்னப் பிள்ளைகளோடு படிக்க, விளையாட, வெளியே போக ஒரு முழுமையான வழிகாட்டி

பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து வீடு திரும்பிய இரவு, மகள் ஆமைப் புத்தகத்தை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தாள். இருபது முப்பது தடவை படித்த புத்தகம். எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆமை மணலில் குழி தோண்டும் பக்கம் வந்ததும், படத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "அப்பா, இந்த மணல் சுடுமா, சில்லுனு இருக்குமா?" என்று கேட்டாள்.

அவளுக்கு அப்போது நான்கரை வயது. அதுவரை அந்தப் பக்கத்தில் அவள் கேட்டதெல்லாம் "அப்புறம்?" என்பது மட்டும்தான். அன்று மாலை செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றிருந்தாள். மேல் மணல் வெதுவெதுப்பாகவும், காலை உள்ளே புதைத்தால் குளிர்ச்சியாகவும் இருந்தது. அவள் கால் தெரிந்துகொண்டதை இரவில் அவள் கை புத்தகத்தில் தேடியது.

இந்த ஆமைக்கு முன்பு எங்கள் வீட்டில் புத்தகம் இரவுக்கு, பொம்மை பகலுக்கு, வெளியே போவது ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தனித்தனியாக இருந்தன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஆமையில்தான் மூன்றையும் ஒரே சரத்தில் கோக்க ஆரம்பித்தோம். ஒரு பொருளை எடுத்துக்கொள்வது, அதைப் பற்றிப் படிப்பது, அதையே விளையாடுவது, அதை நேரில் போய்ப் பார்ப்பது, வந்து அதே புத்தகத்தை மறுபடி படிப்பது. இரண்டு அல்லது மூன்று வாரம் ஒரே பொருளோடு இருப்போம். இதை எப்படிச் செய்கிறோம் என்பதைக் கீழே படிப்படியாக எழுதுகிறேன். ஒரு வயதிலிருந்து ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். நாங்கள் இருப்பது திருவான்மியூரில். அதனால் இடங்கள் பெரும்பாலும் சென்னை இடங்கள். வீட்டில் மகள், அவளைவிட மூன்று வயது சின்னவனான மகன், வேலைக்குப் போகும் நாங்கள் இருவர், சிவகங்கைப் பக்கமிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் அம்மா. பிள்ளைகளுக்கு அவர் அப்பத்தா.

முதல் படி: விரல் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள்

பொருளை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒரு வாரம் பிள்ளையைக் கவனியுங்கள். தெருவில் எதைப் பார்த்து நிற்கிறது, எதைக் கண்டால் கையை இழுக்கிறது, ஒரே கேள்வியை எதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று பார்த்தாலே போதும். எங்கள் மகளுக்கு ஆமை வந்தது ஒரு கோயில் குளத்தில். படிக்கட்டில் ஏறி வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமை, ஆள் நடமாட்டம் கேட்டதும் "தொபுக்"கென்று தண்ணீரில் விழுந்தது. அந்தத் "தொபுக்" ஒரு வாரம் வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பொருள் சின்னதாகவும் பக்கத்தில் இருப்பதாகவும் இருக்கட்டும். காகம், எறும்பு, பஸ், மழை, மாவு அரைக்கும் கிரைண்டர், பூக்காரம்மா கட்டும் சரம், எல்லாமே போதும். என் அளவுகோல் ஒன்றுதான்: வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அதைக் கண்ணால் பார்க்கவோ கையால் தொடவோ முடிய வேண்டும். டைனோசர் மேல் ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். ஆனால் முதல் சரத்தை டைனோசரில் தொடங்காதீர்கள். போய்ப் பார்க்க வழியில்லாமல் பாதியில் நின்றுவிடும்.

இரண்டாம் படி: புத்தகம் தேடுவது

ஒரு பொருளுக்கு இரண்டு அல்லது மூன்று புத்தகம் போதும். எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. பக்கத்துக் கிளை நூலகத்தில் சிறுவர் அலமாரி எங்கே என்று கேளுங்கள். சிறிய காப்புத்தொகை கட்டி உறுப்பினரானால் வீட்டுக்கு எடுத்து வரலாம். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. நடுவில் பெரிய செயற்கை மரம் நிற்கும். மதுரைக்காரர்களுக்கு 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டு இடத்திலும் தரையில் உட்கார்ந்து ஒரு காலைப்பொழுதைக் கழிக்கலாம். அதுவே ஒரு நல்ல வெளிப்பயணம்.

வாங்குவதென்றால், நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போடும் சிறுவர் நூல்கள் விலை குறைவு. சென்னையைச் சேர்ந்த தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படக்கதைகள் போடுகிறது. வீட்டில் ஒருவர் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுபவர் என்றால் அது பெரிய உதவி. பாரதி புத்தகாலயத்திலும் சிறுவர் நூல்கள் நிறையக் கிடைக்கும். ஜனவரியை ஒட்டி நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் புரட்டிப் பார்க்கலாம். பணமே செலவழிக்காமல் வேண்டுமென்றால், பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஏராளமான தமிழ்க் கதைகள் இலவசம். பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. நாங்கள் ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு நடுவில் ஸ்டேப்ளர் அடித்து வைத்துக்கொள்கிறோம். கிழிந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்ற நிம்மதி, ஒன்றரை வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் சாதாரண விஷயம் அல்ல.

வயதைப் பற்றிச் சுருக்கமாக. பிறந்த குழந்தைக்குக் கண் நன்றாகத் தெரியும் தூரம் 20 முதல் 30 செ.மீ.தான், கறுப்பு வெள்ளைப் பெரிய உருவங்கள் போதும். ஒரு வயதில் கெட்டி அட்டைப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு பொருள். இரண்டு மூன்று வயதில் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும் கதை. நான்குக்கு மேல் கொஞ்சம் சிக்கல், கொஞ்சம் பயம், கடைசியில் வீடு திரும்புதல் உள்ள கதை. எழுத்தே இல்லாத, படம் மட்டும் உள்ள புத்தகம் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமம். அந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தால் எங்கள் எல்லோரையும்விட நீளமான கதை வருகிறது.

மூன்றாம் படி: எப்படிப் படிப்பது

இந்தப் படியில் சற்று நேரம் நிற்கப் போகிறேன். தமிழ் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

புத்தகத்தில் "ஆமை மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது" என்று இருக்கும். வீட்டில் பிள்ளை கேட்டு வளர்வது "ஆமை மெள்ள நகர்ந்துக்கிட்டு இருந்துச்சு". பெரியவர்களான நமக்கு இரண்டும் ஒன்று. இரண்டு வயதுப் பிள்ளைக்கு முதலாவது ஏறக்குறைய வேற்றுமொழி. மகளுக்குத் தமிழ்ப் புத்தகம் என்றால் பிடிக்கவில்லை, எழுந்து ஓடுகிறாள் என்று நானும் மனைவியும் வெகுநாள் கவலைப்பட்டோம். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துச் சொந்தப் பேச்சில் சொன்னபோது அவள் ஓடவில்லை. அன்றுதான் காரணம் எங்களுக்குப் பிடிபட்டது.

இப்போது மூன்று கட்டமாகப் படிக்கிறோம். புதுப் புத்தகம் வந்ததும் முதல் சில நாள் எழுத்தைத் தொடுவதே இல்லை. படத்தைப் பார்த்து வீட்டுப் பேச்சில் கதை சொல்கிறோம். பிள்ளைக்குக் கதை பிடிபட்ட பிறகு, அச்சில் உள்ளதைப் படித்து, உடனே வீட்டுப் பேச்சிலும் சொல்கிறோம்: "ஆமை முட்டைகளை மணலால் மூடியது. பாரு, மண்ணப் போட்டு மூடுது." பிறகு ஒருநாள், அச்சில் உள்ளதை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படிக்கிறோம். அதற்குள் கதை அவளுடையதாகிவிட்டதால் எழுத்துத் தமிழின் ஓசை அவளுக்கு விளையாட்டாகிவிடுகிறது. "மூடியது, மூடியது" என்று சொல்லிக்கொண்டே போர்வைக்குள் ஒளிந்துகொள்வாள். முதல் நாளே எழுத்துத் தமிழைத் திணிப்பதும் தப்பு, "பேச்சுத் தமிழே போதும்" என்று எழுத்துத் தமிழைக் காட்டாமலே விடுவதும் தப்பு. பள்ளிக்கூடத்தில் அது திடீரென்று முகத்தில் வந்து மோதும்.

இரண்டாவது விஷயம், கேள்வி. படிப்பதை ஒரேயடியாகப் படித்து முடிக்காமல் இடையில் பிள்ளையைப் பேச வைப்பது. 1988-ல் அமெரிக்க உளவியலாளர் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு இதைக் கற்றுக்கொடுத்து ஒரு மாதம் வீட்டில் செய்யச் சொன்னார்கள். வழக்கம்போல் படித்துக் காட்டிய வீடுகளைவிட இந்த வீட்டுப் பிள்ளைகளின் பேச்சு முன்னேறியிருந்தது. செய்ய வேண்டியது எளிது. "இது என்ன?" என்று பரீட்சை வைக்காமல், "என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். பிள்ளை "தோண்டுது" என்று சொன்னால், "ஆமா, பின்னங்காலால தோண்டுது" என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த தடவை அந்தப் பக்கம் வரும்போது அந்தப் "பின்னங்கால்" பிள்ளை வாயிலிருந்தே வரும். பதில் வரவில்லை என்றால் ஐந்து விநாடி பொறுங்கள். அந்த ஐந்து விநாடி பெரியவர்களுக்கு மிக நீளமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கத்தில் ஒரு கேள்வி போதும். கேள்வி அதிகமானால் கதை அறுந்துபோகும்.

ஒரு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் உட்காருவதே அதிகம். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கும், பின்னாலிருந்து புரட்டும், கடிக்கும். எல்லாமே படிப்பில் சேர்த்திதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-லிருந்தே கைக்குழந்தைப் பருவத்திலிருந்து வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்கிறது. நம் வீடுகளில் அதற்கும் முன்னால் ஒரு புத்தகம் உண்டு: குழந்தையின் உள்ளங்கை. பருப்புக் கடைந்து, ஆளாளுக்குச் சோறு ஊட்டி, நண்டு ஊர்ந்து கக்கத்தில் போய்க் கிச்சுகிச்சு மூட்டும் அந்த விளையாட்டில் தொடக்கம், நடு, முடிவு எல்லாம் இருக்கிறது. அடுத்து என்ன வரும் என்று குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறதே, கதை கேட்கும் பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சின்னவனுக்கு ஆறு மாதத்திலிருந்து அப்பத்தா தினமும் இதைச் செய்தார்.

நேரம்: எங்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் பதினைந்து நிமிடம். ஒருநாள் நான், ஒருநாள் மனைவி. அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: குரலை மாற்றிப் படிக்கக் கூச்சப்படாதீர்கள். அலுவலகக் களைப்போடு பத்து மணிக்கு வருபவர் என்றால், காலையில் பால் குடிக்கும் நேரத்தில் ஒரே ஒரு பக்கம் படியுங்கள். ஒரு பக்கமும் கணக்கில் வரும்.

நான்காம் படி: புத்தகத்தைத் தரையில் இறக்குங்கள்

கதை பிடிபட்டதும் விளையாட்டு தானாக வரும். நாம் பொருளை மட்டும் கண்ணில் படும்படி வைத்தால் போதும். ஆமை வாரத்தில் நாங்கள் வைத்தவை: கவிழ்த்துப்போட்ட மூங்கில் கூடை, பழைய பிளாஸ்டிக் தொட்டியில் சலித்த மணல், ஒரு சின்னக் கரண்டி, பத்து டேபிள் டென்னிஸ் பந்து. நம் கடற்கரைக்கு வரும் பங்குனி ஆமையின் முட்டை ஏறக்குறைய அந்தப் பந்தின் அளவும் நிறமும் கொண்டது. ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேலேயும் இடும். பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டும். இவ்வளவையும் அவளுக்குப் பாடமாகச் சொல்லவில்லை. பந்துகளைப் புதைத்து மூடிவிட்டு, "இன்னும் தொண்ணூறு இருக்கு, போய் எடுத்துட்டு வா" என்றதும் வீட்டிலிருந்த உருளைக்கிழங்கு, எலுமிச்சம்பழம், உருண்ட சாக்ஸ் எல்லாம் முட்டையாகிவிட்டன. நூறு என்றால் எவ்வளவு என்று அன்று அவள் கை தெரிந்துகொண்டது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. டேபிள் டென்னிஸ் பந்து 4 செ.மீ. அகலம், மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தொண்டையை அந்த அளவு உருண்டைப் பொருள் அடைத்துவிடலாம். சின்னவனுக்கு அதைத் தரவில்லை. அவனுக்குப் பெரிய ஆரஞ்சுப் பழம்; மணலுக்குப் பதில் ஒரு தட்டில் ரவை, பக்கத்திலேயே ஒருவர். பல்லாங்குழிச் சோழி, புளியங்கொட்டை, கோலிக்குண்டு, வேர்க்கடலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மூத்த பிள்ளை விளையாடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி எல்லாவற்றையும்விட ஆபத்து. விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். திருகாணி போட்ட மூடி இல்லாத பொம்மையை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள்.

விளையாட்டில் பெரியவர் வேலை, தரையில் உட்காருவது. இருபது நிமிடம் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். பிள்ளை சொல்லும் வேடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். நான் மூன்று நாள் மணலாக இருந்தேன். மணலுக்கு வசனம் கிடையாது. படுத்துக்கிடக்க வேண்டும், மேலே ஆமை ஏறும். "ஆமை இப்படி நடக்காதும்மா" என்று திருத்தத் தோன்றும். திருத்த வேண்டாம். கடற்கரையில் அவளே பார்த்துத் திருத்திக்கொண்டாள்.

ஓடியாடுவதற்கும் இடம் வேண்டும். ஒரு வயதிலிருந்து நான்கு வயதுவரை உள்ள பிள்ளைகள் நாளெல்லாம் சேர்த்து 180 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. இரண்டு வயதுக்குமுன் திரையே வேண்டாம், நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம் என்பதும் அதில்தான் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் 180 நிமிடம் என்றால் மலைப்பாக இருக்கும். மாலை ஐந்து மணிக்கு மொட்டைமாடி, அங்கே நொண்டியும் கண்ணாமூச்சியும். காலையில் பால் வாங்கக் கடைவரை நடை. நடக்கப் பழகும் பிள்ளைக்கு நடைவண்டி. இப்படிச் சேர்த்தால் கணக்கு வந்துவிடுகிறது.

ஐந்தாம் படி: போய்ப் பாருங்கள்

படித்து, விளையாடி, பிள்ளை மனதில் ஆமை நிரம்பிய பிறகுதான் புறப்பட வேண்டும். முன்பெல்லாம் நாங்கள் தலைகீழாகச் செய்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், ஒரு பெரிய உயிரியல் பூங்காவை முழுவதும் காட்டிவிட வேண்டும் என்று இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நடந்தோம். பன்னிரண்டு மணிக்குச் சின்னவனுக்கு உடம்பு கொதித்தது. மகள் எதையும் பார்க்கவில்லை, தூக்கு என்று அழுதாள். அந்த அழுகை இன்றும் எனக்கு உறுத்துகிறது. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி: ஓர் இடம், ஒரு பொருள், இரண்டு மணி நேரம். வெயில் ஏறுமுன் காலை, அல்லது நாலரைக்கு மேல். மத்தியானத் தூக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டுவதில்லை.

ஆமைக்கு வருவோம். பங்குனி ஆமைகள் சென்னைக் கரைக்கு முட்டையிட வருவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988-லிருந்து நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துப் பாதுகாக்கிறார்கள். அந்த இரவு நடை விடிய விடிய நீளும், ஏழு கிலோமீட்டர். சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் முட்டை பொரிந்து, குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைப்பொழுதுதான் நமக்கானது. பெசன்ட் நகரில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பொழுது சாயும் நேரத்தில் நடக்கும். அன்றைக்குக் குஞ்சு வெளிவந்திருந்தால்தான் உண்டு. நாங்கள் முதல் தடவை போனபோது ஒரு குஞ்சும் இல்லை. அதற்கும் தயாராகப் போங்கள். அன்று மகள் மணல் நண்டின் வளைகளை எண்ணினாள். போகிற வழியில் பொரிப்பகத்தின் வேலியைப் பார்த்தாள். இரண்டாம் தடவை பார்த்துவிட்டோம்.

அங்கே கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும், தொடக் கூடாது, டார்ச்சோ ஃபிளாஷோ அடிக்கக் கூடாது. காரணத்தைப் பிள்ளைக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: குஞ்சுக்குக் கடல் எங்கே என்று தெரிவது வெளிச்சத்தை வைத்துத்தான், தெருவிளக்கும் நம் விளக்கும் அதைத் திசைமாற்றிவிடும். விளையாட்டில் இதை ஒத்திகை பார்த்தோம். அறையை இருட்டாக்கி, ஒரு மூலையில் விளக்கைப் போட்டு, அதை நோக்கித் தவழ்வது. அதனால் கடற்கரையில் பக்கத்தில் ஒருவர் கைப்பேசி விளக்கை அடித்தபோது, அவள்தான் முதலில் "அண்ணா, லைட் வேணாம், ஆமை வழி மாறிடும்" என்றாள்.

கடற்கரைக்கே உரிய பயம் ஒன்று உண்டு. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் அலையின் உள்ளிழுப்பு பலமானது. கால் நனைக்கிறேன் என்று நின்றவர்களையும் இழுத்திருக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தண்ணீருக்குள் இறக்குவதில்லை என்று முன்கூட்டியே சொல்லி, ஈர மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை பிடித்தபடி.

பையில் என்ன வைப்பது? குடிதண்ணீர், எண்ணெய்யும் பொடியும் தடவிய இட்லி, வாழைப்பழம், ஒரு மாற்றுடை, ஈரத் துணிக்கு ஒரு பை, தொப்பி, சிறிய துண்டு. தயிர்சாதத்தை வெயில் நேரத்தில் நம்பாதீர்கள். பிள்ளையின் பாக்கெட்டில் உங்கள் கைப்பேசி எண் எழுதிய சீட்டு ஒன்று. கூட்டத்தில் இறங்குமுன் அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தவறிவிட்டால் தேடும்போது அதுதான் உதவும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

செலவு பெரிதாக இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரசுப் பேருந்திலும் ரயிலிலும் டிக்கெட் கிடையாது. மெட்ரோவில் 90 செ.மீ. உயரத்துக்குள் இருந்தால் இலவசம். பஸ்ஸில் போவதே பிள்ளைக்குப் பாதிச் சுகம். புறப்படுமுன் விடுமுறை நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்: வண்டலூர் பூங்கா செவ்வாய் விடுமுறை, வடநெம்மேலி முதலைப் பண்ணை திங்கள் விடுமுறை.

அங்கே போனதும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். பிள்ளை பார்க்கும் நேரத்தில் நாம் பேசினால் அது நம்மைத்தான் பார்க்கும்.

ஆறாம் படி: திரும்பி வந்தபின்

பெரும்பாலான வீடுகளில் வெளியே போய்வந்ததும் கைப்பேசியில் படத்தை எல்லோருக்கும் அனுப்புவதோடு முடிந்துவிடும். நான் இந்த முழு வழிகாட்டியை எழுதுவதே இந்தப் படிக்காகத்தான். வந்த இரவே, களைப்பாக இருந்தாலும், அதே பழைய புத்தகத்தை ஒரு தடவை எடுங்கள். பிள்ளை எங்கே நிற்கிறது, எந்தப் படத்தைத் தொடுகிறது, என்ன புதிதாகக் கேட்கிறது என்று கவனியுங்கள். மணல் சுடுமா என்ற கேள்வி எங்களுக்கு அப்படித்தான் வந்தது. அதற்கான பதிலைத் தேடிப் போனபோது எனக்கே ஒன்று தெரிந்தது: முட்டை இருக்கும் மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும், சூடு கூடினால் பெண் குஞ்சுகள். "அப்போ தம்பி சில்லுனு இருந்தானா?" என்றாள்.

மறுநாள் ஒரு நோட்டை எடுத்து அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இதில் ஒரே விதிதான்: பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். இலக்கணம் திருத்தக் கூடாது, அழகுபடுத்தக் கூடாது. "ஆமக்குட்டி விழுந்துச்சு. அல வந்து தூக்கிட்டுப் போச்சு. அதோட அம்மா அங்க இல்ல. அது அழல." இதுதான் முதல் பக்கம். பக்கத்துக்கு ஒரு வாக்கியம், கீழே அவள் வரைந்த படம், நடுவில் தைத்தால் எட்டுப் பக்கப் புத்தகம். எழுத்து தெரியாத வயதிலேயே அவள் முழுதாக "வாசித்த" முதல் புத்தகம் அதுதான். தான் சொன்ன சொல் தாளில் நிற்கும், நாளை எடுத்தாலும் அதே சொல்லைச் சொல்லும் என்று அவளுக்குப் புரிந்த தருணத்தில் நான் பக்கத்தில் இருந்தேன். விரலை எழுத்தின் மேல் வைத்து, "இது 'அழல'யா?" என்று கேட்டாள்.

கடற்கரையிலிருந்து எடுத்துவரும் வெற்றுக் கிளிஞ்சல், டிக்கெட், இலை எல்லாவற்றுக்கும் ஒரு பழைய மிட்டாய்ப் பெட்டி வையுங்கள். உள்ளே உயிர் இருக்கும் சங்கை எடுக்க வேண்டாம்.

வேறு சில சரங்கள்

ரயில் பிடித்த பிள்ளைக்குச் சென்னையில் குறையே இல்லை. கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரிவரை பறக்கும் ரயிலில் உயரத்தில் போய்வந்தாலே ஒரு வாரக் கதை. பிறகு ஐ.சி.எஃப். என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்தில் பழைய நீராவி எஞ்சினைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். வீட்டில் தீப்பெட்டி கோத்த ரயில் போதும்.

பறவைக்கு வேடந்தாங்கல், நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் மரம் நிறைய இருக்கும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் அந்த ஊர்க்காரர்களே தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வந்தவர்கள். எங்கள் வீட்டில் பறவைச் சரத்தை அப்பத்தாதான் நடத்தினார். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அவர் பார்த்து வளர்ந்த ஊர்ப்பக்கம் அது. அந்தக் கதையைக் கேட்ட பிறகு மகள் மொட்டைமாடிக் காகத்துக்குக்கூடச் சத்தம் போடாமல் சோறு வைத்தாள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பொருளைச் சொல்லிக் கேளுங்கள். எந்த நூலகத்திலும் இல்லாத கதை கிடைக்கும்.

இரண்டு பிள்ளைகளுக்கு வயது வித்தியாசம் அதிகம் என்றால், ஒரே பொருளில் பெரியவளுக்குக் கதை, சின்னவனுக்குச் சத்தம். ஆமை மூன்று வாரத்தில் அவன் கற்றது "தொபுக்" ஒன்றுதான். அவன் வயதுக்கு அது போதுமான அறுவடை.

இப்போது அவன் முறை. அவன் விரல் காட்டுவது காலையில் எங்கள் தெருவுக்கு வரும் குப்பை வண்டியை. சத்தம் கேட்டதும் பால் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நூலகத்தில் வண்டிப் புத்தகம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறோம்; பச்சை, நீலம் என்று இரண்டு அட்டைப் பெட்டி தயார். வண்டி ஓட்டிவரும் அக்காவிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை அவனைக் கீழே தூக்கிவரச் சொல்லியிருக்கிறார். வண்டி நிற்கும்போது ஹாரனை ஒரு தடவை அழுத்தவிடுவாராம்.